பைக் பேட்டரி மாற்றும் முன்

செல்ஃப் ஸ்டார்ட் எடுக்கவில்லை என்றதும் புது பேட்டரி வாங்க ஓடாதீர்கள். இன்ஜினைச் சற்று வேகமாக ஓடவிட்டு மல்டிமீட்டரில் (வோல்ட் அளக்கும் கருவி) பாருங்கள். பேட்டரி முனைகளில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரவில்லையென்றால் கோளாறு சார்ஜிங்கில் இருக்கலாம். அதைச் சரிசெய்யாவிட்டால் புது பேட்டரியும் விரைவில் படுத்துவிடும்.

கடைக்குப் போகும்போது பழையதையே கையில் எடுத்துச் செல்வதுதான் நல்லது. ஆம்பியர்-ஹவர் அளவு (பேட்டரியின் கொள்ளளவு), நீள அகல உயரம், பாசிட்டிவ் முனை இருக்கும் பக்கம் எல்லாம் ஒத்திருக்க வேண்டும். தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ். மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். இதை மட்டும் மறக்கவே கூடாது. நெகட்டிவ் இணைப்பில் இருக்கையில் பாசிட்டிவைத் திருகும் ஸ்பேனர் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பட்டால் ஷார்ட் ஆகித் தீப்பொறி பறக்கும். இறுக்கியபின் முனைகளில் லேசாக வாசலின் தடவுங்கள், உப்புப் பூக்காது.