வெடிக்காத தோட்டாவை வீசிவிடாதீர்கள்

அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கி அவ்வப்போது சுடாமல் போனால், எந்தப் பாகத்தையும் மாற்றுவதற்கு முன், வெடிக்காத தோட்டாவின் பிரைமரில் (அடிப்பகுதியின் நடுவில், அடிபட்டதும் தீப்பொறி தரும் சிறு மூடி) விழுந்திருக்கும் குழியை, அதே துப்பாக்கியில் வெடித்த வெற்றுக் கூட்டின் குழியோடு நல்ல வெளிச்சத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். தோட்டா தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், குழலைப் பாதுகாப்பான திசையிலேயே 30 விநாடி வைத்திருந்து, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிய பிறகுதான் அதை வெளியே எடுக்க வேண்டும்.

குழி ஆழமாகவும் நடுவிலும் இருந்தால், பழுது பெரும்பாலும் தோட்டாவில்தான். ஊசி முனை லேசாகத் தொட்டதுபோல ஆழமின்றி இருந்தால், ஃபயரிங் பின் (பிரைமரில் மோதும் ஊசி) போதிய வேகத்தில் மோதவில்லை. அது ஓடும் துளையில் எண்ணெயும் கரியும் சேர்ந்து பசைபோல் இறுகியிருப்பதும், ஸ்பிரிங் தளர்ந்திருப்பதும், ஸ்லைடு (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) முழுதாக முன்னே வந்து மூடாததும் வழக்கமான காரணங்கள். அந்தத் துளையைத் துடைத்து உலர்வாகவே விட வேண்டும். நல்லது என்று எண்ணி அங்கே எண்ணெய் விடுவதுதான் பலமுறை கோளாறைத் தொடங்கி வைக்கிறது. குழியே இல்லையென்றால், ஃபயரிங் பின் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மறுநிரப்பு செய்த தோட்டாக்களில், பிரைமர் முழுதாக உள்ளே அழுந்தாவிட்டாலும் குழி ஆழமின்றித் தெரியும் என்பதால், துப்பாக்கியை மட்டும் குறை சொல்ல முடியாது. விளிம்பில் அடிபடும் .22 தோட்டாக்களுக்கு இந்த ஒப்பீடு அப்படியே பொருந்தாது. வழக்கத்தைவிட மெல்லிய சத்தம் கேட்டிருந்தால் குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அப்போது உடனே சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைக் காலி செய்து, குழலைச் சோதிக்க வேண்டும்.