டொர்னேடோ வீசும் மாநிலங்களில் குடியேறுவோர் அறிய வேண்டியவை

டெக்சாஸ், ஒக்லஹோமா, கன்சாஸ், மிசௌரி போன்ற அமெரிக்க மாநிலங்களுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள், வீட்டு வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, அந்த வீட்டில் நிலவறையோ சன்னலில்லாத உள்ளறையோ இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. கடற்கரைப் புயலுக்கு நாட்கணக்கில் முன்னறிவிப்பு கிடைக்கிறது. மேகத்திலிருந்து தரை வரை சுழன்றிறங்கும் கடுங்காற்றுத் தூணான டொர்னேடோவுக்குப் பெரும்பாலும் சில நிமிடங்களே கிடைக்கின்றன.

அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 1,200 டொர்னேடோக்கள் பதிவாகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை, குறிப்பாக மே மாதத்தில், மாலை வேளைகளில் அவை மிகுதி. ஆயினும் பருவத்தை மட்டும் நம்பி இருந்துவிடக் கூடாது: கென்டக்கியின் மேஃபீல்டு நகரத்தை டொர்னேடோ சிதைத்தது 2021 டிசம்பர் 10 இரவில். அண்மைப் பத்தாண்டுகளில் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை. ஆனால் ஒரே நாளில் பல டொர்னேடோக்கள் உருவாவது அதிகரித்திருக்கிறது, அவை மிகுதியாக வீசும் பகுதியும் கிழக்கே, மிசிசிப்பி, டென்னசி பக்கமாக நகர்ந்துவருகிறது. ஆகவே அங்கே குடியேறுபவர்களுக்கும் இது பொருந்தும்.

'டொர்னேடோ வாட்ச்' என்றால் உருவாகும் சூழல் இருக்கிறது என்று பொருள். 'வார்னிங்' என்றால் ரேடாரிலோ நேரிலோ கண்டுவிட்டார்கள், உடனே கீழ்த்தளத்துக்குச் செல்ல வேண்டும். ஊர்ச் சைரன் வெளியில் இருப்பவர்களுக்காக வைக்கப்பட்டது. மூடிய வீட்டுக்குள் உறங்குபவருக்கு அது கேட்காமல் போகலாம் என்பதால், கைப்பேசி எச்சரிக்கையை ஒருபோதும் அணைத்துவைக்காதீர்கள்.

காற்று ஓய்ந்த பின் வரும் கேடுகளைப் பற்றி நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அதுவே பெருங்கவலை. டொர்னேடோ கடந்த தெருவில் மரங்கள் பட்டை உரிந்து வெறும் தண்டுகளாக நிற்கும். மிஞ்சிய கிளைகளில் வீட்டுச் சுவர்களுக்குள் இருந்த இளஞ்சிவப்புக் கண்ணாடியிழைப் பஞ்சு தொங்கும். பழைய கட்டடமாயின் ஆஸ்பெஸ்டாஸ் தூளும் காற்றில் கலந்திருக்கும். காடுகளில் சாய்ந்த மரங்கள் காய்ந்து தீக்கு இரையாகக் காத்திருக்கும். திறந்துவிட்ட வெயிலில் அயல் களைச்செடிகள் முந்திக்கொண்டு முளைக்கும்.

2011 மே 22 அன்று மிசௌரியின் ஜாப்லின் நகரில் வீசிய டொர்னேடோவில் 150-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதில் காயமுற்றவர்களில் 13 பேருக்கு, மண்ணும் மரத்துண்டும் புகுந்த புண்களில் அரிய பூஞ்சைத் தொற்று ஏற்பட்டு, ஐவர் இறந்தார்கள். சிறு கீறலையும் சோப்பு நீரில் நன்கு கழுவி, ஆழமானால் மருத்துவரிடம் காட்டுங்கள். இடிபாடுகளை அகற்றும்போது தடித்த காலணி, கையுறை, முகக்கவசம் மூன்றும் வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது. ஒருகாலத்தில் ஈயச் சுரங்கங்கள் நிறைந்திருந்த ஜாப்லினில், பேரிடருக்குப் பின் வீட்டு முற்றங்களின் மண்ணைச் சோதித்து அகற்ற நேர்ந்தது. அத்தகைய ஊர்களில் கொல்லையில் கீரை விதைக்கும் முன் மண்ணை ஈயச் சோதனைக்குக் கொடுத்துவிடுங்கள்.