மொட்டை மாடியில் கோடை பண்பலை: 142 சென்டிமீட்டரில் ஓர் ஆன்டெனா

திருச்சியில் என் அறைக்குள் ரேடியோவை 100.5 மெகாஹெர்ட்ஸுக்குத் திருப்பினால் கோடை பண்பலை கரகரப்போடுதான் வரும். அதே ரேடியோ மொட்டை மாடியில் தெளிவாகப் பாடும். அந்த நிலையம் இருக்கும் கொடைக்கானல் இங்கிருந்து நேர்கோட்டில் சுமார் 145 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்து எஃப்.எம். எப்படி வருகிறது என்பதை, கம்பி வெட்டி மாட்டியே பார்த்துவிடலாம். மூன்றாம் ஆண்டு இ.சி.இ. (மின்னணு, தொடர்பியல் பொறியியல்) மாணவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

முதலில் கணக்கு

கட்டப்போவது அரையலை டைபோல்: நேர்கோட்டில் இரண்டு கம்பிக் கைகள், மொத்த நீளம் அலைநீளத்தில் பாதி. ஒளியின் வேகத்தை (நொடிக்கு 300 மில்லியன் மீட்டர்) அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம். 300-ஐ 100.5-ஆல் வகுங்கள்: 2.98 மீட்டர். அதில் பாதி 1.49. கம்பிக்குத் தடிமன் உண்டு, அதன் முனைகளில் மின்புலம் கொஞ்சம் வெளியே வழியும். அதனால் கம்பி தன் உண்மையான நீளத்தைவிடச் சற்று நீளமானதாக நடந்துகொள்ளும். ஆகவே 5 சதவீதம் குறைக்கிறோம்: 1.42 மீட்டர். இது இரண்டு கைகளும் சேர்த்து. ஒரு கை 71 சென்டிமீட்டர்.

இந்த இடத்தில்தான் நான் முதல் தடவை சறுக்கினேன். ஒவ்வொரு கையையும் 1.42 என்று வெட்டிவிட்டேன். அப்படிச் செய்தால் அது முழு அலை டைபோல். நடுவில் இம்பீடன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்கான தடை) ஆயிரக்கணக்கான ஓமுக்கு ஏறிவிடும், கேபிளோடு பொருந்தாது. ஆனால் உள்ளூர் நிலையங்கள் சத்தமாகவே பாடின, அதனால் தப்பு பிடிபட இரண்டு நாள் ஆனது.

பொருட்கள்

வீட்டு ஒயரிங்குக்குப் போடும் இரண்டரை ஸ்கொயர் எம்.எம். செம்பு ஒயர் ஒன்றரை மீட்டர், முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப், ஒரு பிளாஸ்டிக் கனெக்டர், கேபிள் டிவிக்காரர் விட்டுப்போன ஆர்.ஜி.-6 கேபிள். அரையலை டைபோலின் இம்பீடன்ஸ் சுமார் 73 ஓம், இந்தக் கேபிள் 75 ஓம். இதைவிட நல்ல ஜோடி கடையில் கிடைக்காது.

செய்யும் விதம்

ஒயரின் மேலுறையை உரித்துவிடுங்கள். உறையோடு விட்டால் நீளத்தை இன்னும் இரண்டு மூன்று சதவீதம் குறைக்க வேண்டிவரும். 71 சென்டிமீட்டரில் இரண்டு துண்டு வெட்டி, பைப்பின் நடுவில் கனெக்டரைக் கட்டி, பக்கத்துக்கு ஒன்றாக நேர்கோட்டில் பொருத்துங்கள். கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கு, வெளிப்பின்னல் இன்னொரு கைக்கு.

கனெக்டருக்குக் கீழேயே கேபிளைச் சாப்பாட்டுத் தட்டின் பாதி அகலத்துக்கு ஐந்தாறு சுற்று சுற்றிக் கட்டுங்கள். டைபோல் சமச்சீரானது, கோஆக்சியல் கேபிள் அப்படியல்ல. சுருள் இல்லாவிட்டால் பின்னலின் வெளிப்புறத்திலும் மின்னோட்டம் ஓடி, கேபிளும் ஆன்டெனாவாகிவிடும். அடுத்து வரும் சோதனையில் அது குழப்பும்.

கேபிளின் நீளத்துக்குக் கணக்கு வேண்டாம். 15 மீட்டர் இழுத்தாலும் இந்த அதிர்வெண்ணில் போவது ஏறக்குறைய ஒரு டெசிபல், அதாவது சிக்னல் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு. மறுமுனையை 75 ஓம் சாக்கெட் உள்ள ரிசீவரிலோ எஸ்.டி.ஆர். டாங்கிளிலோ (கணினியில் செருகி, சிக்னல்களைத் திரையில் காட்டும் சிறு ரிசீவர்) செருகுங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் கட்டாதீர்கள், இடி மின்னலென்றால் கழற்றிவிடுங்கள்.

திருப்பிப் பாருங்கள்

டைபோல் தன் முனைகளின் திசையில் கேட்காது, பக்கவாட்டில்தான் கேட்கும். திருச்சிக்குக் கொடைக்கானல் மேற்கு-தென்மேற்கு. கைகள் கிடைமட்டமாக, அந்தத் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். பிறகு 90 பாகை திருப்பி, ஒரு முனையைக் கொடைக்கானலுக்கு நீட்டுங்கள். ரேடியோவில் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். காரணம் எஃப்.எம். ரிசீவரின் லிமிட்டர்: சிக்னல் ஓர் அளவுக்குக் கீழே போகும்வரை அது ஏற்ற இறக்கத்தை மறைத்துவிடும். டாங்கிள் இருந்தால் திரையில் 100.5-இல் எழும் உச்சி இறங்குவது தெரியும். அடியோடு மறையாது, சுற்றியுள்ள கட்டடங்களில் பட்டுத் திரும்பும் அலைகள் அந்தப் பள்ளத்தைக் கொஞ்சம் நிரப்பிவிடும்.

இவ்வளவு தூரம் எப்படி?

100 மெகாஹெர்ட்ஸ் அலையை அயனி மண்டலம் (வானில் உயரே உள்ள மின்னேறிய காற்றடுக்கு) வழக்கமாகத் திருப்பி அனுப்பாது, அலை விண்வெளிக்குப் போய்விடும். மத்திய அலை போலத் தரையை ஒட்டியும் வெகுதூரம் ஓடாது. ஆக மிச்சம் நேர்பார்வைதான். வளிமண்டலம் அலையைக் கொஞ்சம் வளைப்பதையும் சேர்த்தால், அடிவானத் தூரம் கிலோமீட்டரில் 4.12 × √உயரம், உயரம் மீட்டரில். சமவெளியில் 100 மீட்டர் கோபுரம் என்றால் 41 கிலோமீட்டரோடு சரி. கொடைக்கானல் சுற்றுச் சமவெளியைவிட ஏறக்குறைய 2000 மீட்டர் உயரம்: 184 கிலோமீட்டர். என் மாடியின் 9 மீட்டருக்கு இன்னொரு 12. திருச்சி தாராளமாக உள்ளே, தஞ்சாவூர் விளிம்பில்.

அப்படியானால் அறைக்குள் ஏன் கரகரப்பு? மாடி ஏறியதில் அடிவானம் எட்டு கிலோமீட்டர்தான் கூடியது, அது காரணமில்லை. சுவர்களும் எதிர்வீடும் விலகின. நேர் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் ஒன்றையொன்று அழிப்பதும் குறைந்தது. சமதரையில், தொலைவிலிருக்கும் நிலையத்துக்கு, ஆன்டெனா உயரத்தை இரட்டித்தால் சுமார் 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு வலு, கிடைக்கும். மாடியில் அல்ல, வெட்டவெளித் தரையில் டைபோலை ஒரு மீட்டரில் ஒரு தடவை, பைப்பை நீட்டி இரண்டு மீட்டரில் ஒரு தடவை வைத்து அளந்து பாருங்கள்.

ராமேஸ்வரம், நாகப்பட்டினம் பக்கத்து மாணவர்களுக்கு இன்னொரு வேலை. இலங்கை எஃப்.எம். நிலையங்களின் உச்சிகளைக் காலையிலும் மதியத்திலும் குறித்து வையுங்கள். கடலுக்கு மேல் குளிர்ந்த காற்றின்மீது சூடான காற்று படிந்த நாட்களில் அலை அந்த அடுக்குக்குள் குழாயில் போவதுபோல ஓடும். என் 4.12 கணக்கு அன்றைக்குச் செல்லாது.