பள்ளிக்கூடத்தில் புகையிலை: நாம் கோட்டை விடும் இடங்கள்

எங்கள் பள்ளியில் கழிவறைக்குப் பின்னால், மதில் ஓரமாக, வாயில் அடக்கும் புகையிலையின் சின்னச் சின்ன வெள்ளைப் பைகள் கிடந்தன. டீ பேக்கைச் சுருக்கியது போல, எச்சிலில் ஊறி உப்பிப்போய். குனிந்து பார்த்தால் புதினா வாசம். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஒன்றைச் செருகிக்கொண்டு ஒரு பீரியட் முழுக்கப் பையன் நம் எதிரிலேயே உட்கார்ந்திருக்கலாம். நாமோ சிகரெட் நாற்றம் வருகிறதா என்று மோப்பம் பிடித்துக்கொண்டிருக்கிறோம். 'புகை பிடிக்காதீர்' என்று மட்டும் எழுதிய போர்டு இந்தப் பையனைத் தொடவே தொடாது. வாயில் அடக்கும் புகையிலைக்கும் குட்காவுக்கும் தமிழ்நாட்டில் 2013இலிருந்து தடை ஆணை போட்டு வருகிறார்கள். இ-சிகரெட்டுக்கு நாடு முழுக்க 2019இலேயே தடை வந்துவிட்டது.

அடுத்தது அந்த நூறு கஜக் கணக்கு. 2003ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. "என் கடை கேட்டிலிருந்து தள்ளித்தானே சார் இருக்கு?" என்பார் கடைக்காரர். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுவோம். அளக்க வேண்டியது கேட்டிலிருந்து இல்லை. பள்ளியின் வெளிமதில் அல்லது வேலியிலிருந்து, நாலா பக்கமும், நேர்கோட்டில். பின்மதிலை ஒட்டிய சந்தில் இருக்கும் பெட்டிக்கடையும் அதற்குள் வந்துவிடும்.

பெரியவர்களான நம் பக்கத் தவறுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. நாலரை மணிக்குப் பிள்ளைகள் போனபிறகு மைதானத்து ஓரத்தில் ஒரு சிகரெட் பற்றவைத்தால் என்ன என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சட்டம் மணியைப் பார்க்கவில்லை, இடத்தைப் பார்க்கிறது. 200 ரூபாய் வரை அபராதம். அதை வசூலிக்கத் தலைமையாசிரியருக்கே அதிகாரம் உண்டு. புகார் வந்தும் அவர் பேசாமல் இருந்தால் அபராதம் அவர் தலையிலும் விழும்.

"டேய், ஓடிப்போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வா" என்று எட்டாம் வகுப்புப் பையனை அனுப்புவதை இன்னும் சாதாரணமாக நினைக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். 18 வயதுக்குக் கீழே இருப்பவருக்குப் புகையிலை விற்பதே குற்றம். குழந்தைக்குப் புகையிலை கொடுத்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தில் 7 ஆண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. அந்தப் பாக்கெட்டைப் பையன் கையில் கொடுத்த கடைக்காரரை நாமே அந்தத் தண்டனைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம்.

சரி, பையன் பிடிபட்டான். உடனே பிரேயரில் எல்லார் முன்னாலும் நிறுத்துவது, டிசி கொடுத்துவிடுவேன் என்று மிரட்டுவது. இதைச் செய்யவே செய்யாதீர்கள். அவன் பள்ளியை விட்டு நிற்பான், பழக்கம் நிற்காது. நிக்கோடினுக்குப் பழகிய உடம்பு நாம் அதட்டியதும் விட்டுவிடாது. தனியாகக் கூப்பிட்டு, வாயைத் திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். வைத்த இடத்தில் ஈறு வெளுத்தோ புண்ணாகியோ இருந்தால் வீட்டாரோடு பேசி அரசு பல் மருத்துவரிடம் காட்டுங்கள். விட நினைப்பவர்களுக்கு 1800 112 356 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. முதல் தடவை பேசக் கூச்சப்படுவான். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே போட்டுக் கொடுங்கள்.