நன்மை தீமைக்கு விஞ்ஞானத்தைச் சாட்சிக்கு அழைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு விஞ்ஞானம் கற்பிக்கும் நான், விவாத அணியையும் பல ஆண்டுகளாகப் பயிற்றுவித்து வருகிறேன். சரி எது, பிழை எது என்பதை விஞ்ஞானத்தால் சொல்ல முடியுமா என்ற தலைப்பு ஏதாவதொரு வடிவில் ஆண்டுதோறும் வந்துவிடும். சென்ற தவணையும் வந்தது. மேடையேறிய பிள்ளைகள், இளம் ஆசிரியனாக நான் விழுந்த அதே பள்ளங்களில் வரிசையாக விழுந்தார்கள். தரவைப் பிழையாகச் சொல்வது, ஆதாரமின்றிப் பேசுவது போன்றவற்றை எந்த நடுவரும் பிடித்துவிடுவார் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இயற்கையாக உள்ளது ஏற்கத்தக்கது என்று எண்ணுவது

2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் சுமார் 17 சதவீதம். பெருந்தோட்டங்களிலோ சுமார் 32 சதவீதம். "அது பரம்பரை, ஆகவே கவலைப்பட ஒன்றுமில்லை" என்றான் ஒரு மாணவன். முதற்பாதியை விஞ்ஞானமே மறுக்கிறது: நல்ல போசணையும் பராமரிப்பும் கிடைத்தால் வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகளும் ஏறத்தாழ ஒரே விதமாக வளர்கிறார்கள் என்பதை, ஆறு நாடுகளில் திரட்டிய அளவுகளைக் கொண்டு உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி நியமங்கள் காட்டின. பரம்பரை என்றே வைத்துக்கொண்டாலும் பிற்பாதி நிற்காது. கிட்டப்பார்வையும் குடும்பத்தில் வருவதுதான். அதற்காகப் பிள்ளைக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுக்காமல் விடுகிறோமா?

'உள்ளது' என்பதிலிருந்து 'வேண்டும்' என்பதற்கு ஒரே தாவலில் போவது

ஒன்று இப்படி இருக்கிறது, அப்படி இருக்கவில்லை என்று பேசிக்கொண்டே வருபவர்கள் திடீரென இப்படிச் செய்ய வேண்டும் என்று முடித்துவிடுகிறார்கள், அந்த மாற்றத்துக்குக் காரணம் காட்டுவதேயில்லை என்று ஸ்கொட்லாந்து மெய்யியலாளர் டேவிட் ஹியூம் 1740இல் குறைப்பட்டார். இதைப் படித்துச் சோதனையிலும் எழுதிய பிறகுதான் நான் அதே தவறைச் செய்தேன் என்பது இன்றும் உறுத்துகிறது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகள், மண்சரிவில் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எச்சரித்திருந்தது. மறு ஆண்டு, மண்சரிவைப் பற்றி விளக்குமாறு ஒரு கூட்டத்துக்கு என்னை அழைத்தார்கள். மழைநீர் மண்துணிக்கைகளுக்கு இடையே நிறைந்து அமுக்கத்தைக் கூட்டுவதையும், அதனால் துணிக்கைகளின் பிடி தளர்ந்து சரிவு வழுக்குவதையும் வெண்கட்டியால் வரைந்து காட்டினேன். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். "விஞ்ஞானம் எச்சரித்தது, ஆகவே அவர்கள் வெளியேறியிருக்க வேண்டும், வெளியேறாதது அவர்களுடைய பிழை" என்று முடித்தேன்.

முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான ஓர் அம்மா எழுந்தார். "போகச் சொன்னது சரி சேர். எங்க போகச் சொன்னாங்க?"

வெண்கட்டி கையில் இருந்தது. எழுத ஒன்றும் இருக்கவில்லை.

என் இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் மூன்றாவதொன்று ஒளிந்திருந்தது. தன் பெயரில் ஒரு பேர்ச் காணியும் இல்லாதவர், லயத்தை விட்டால் வேலையும் கைவிட்டுப் போகும் என்று அஞ்சுபவர், மாற்றிடம் கிடைக்காவிட்டாலும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இறங்கிவிடக் கடமைப்பட்டவர் என்பதே அது. அதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் ஒருவரும் ஏற்றிருக்கமாட்டார்கள், நானே ஏற்றிருக்கமாட்டேன். அதற்குப் பதிலாக, ஆபத்தை முன்கூட்டியே அறிந்து அதைத் தவிர்க்கும் வசதியும் உள்ளவரே முதற்பொறுப்பாளி என்ற வாக்கியத்தை அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள்: சரிவும் மழையும் அறிக்கையும் அவையேதான், விரல் மட்டும் வேறு பக்கம் திரும்பிவிடும். இரண்டில் எந்த வாக்கியத்தை வைப்பது என்பதை மண்ணைத் துளைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

இந்தத் தவறு ஏனையவற்றைவிட எரிச்சலூட்டுவதற்குக் காரணம், படித்தவர் வாயிலிருந்து வருவதால் கேட்பவர் வாயடைத்துப் போவதும், பழி பெரும்பாலும் திருப்பிக் கேட்க வழியற்றவர் தலையில் விழுவதும்தான். அன்று அந்த அம்மா கேட்டது என் நல்ல காலம். இப்போது மாணவர் எவரேனும் "ஆகவே" என்று தொடங்கினால், இடைமறித்து, விட்டுப்போன வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதச் சொல்கிறேன். பலர் எழுதிப் பார்த்ததும் தாமாகவே அழித்துவிடுகிறார்கள்.

மூளைப் படத்தைச் சான்றாகக் காட்டுவது

ஓடிவரும் வண்டியின் முன் ஒருவரைத் தள்ளிவிட்டு ஐவரைக் காப்பாற்றலாமா என்று யோசிப்பவரின் மூளையில் உணர்ச்சியோடு தொடர்புடைய பகுதிகள் கூடுதலாக இயங்குவதை 2001இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தள்ளலாமா என்பதைக் காட்டவில்லை.

பெரும்பான்மையை நீதிபதியாக்குவது

1948இல் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய சட்டமும் பெரும்பான்மை வாக்கில்தான் நிறைவேறியது.

விஞ்ஞானத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று கைகழுவுவது

ஹியூமைப் பாதி படித்தவர்கள் அடுத்து விழும் பள்ளம் இது. ஒழுக்கம் பற்றிய சச்சரவுகளில் பெரும்பகுதி, உண்மையில் நடப்பது என்ன என்பது பற்றிய சச்சரவே. தோட்டத்தில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று இரண்டு மூன்று கிலோ கழிக்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்த கொழுந்துக்கு உரிய கூலி கொடுக்க வேண்டும் என்பதை இரு தரப்பும் மறுப்பதில்லை. அந்த 'வேண்டும்' தராசிலிருந்து வந்ததல்ல. ஆனால் அதில் இரு தரப்பும் உடன்பட்ட பிறகு எஞ்சுவது, சாக்கில் உள்ள தண்ணீர் எவ்வளவு என்ற கேள்வி மட்டுமே. அதற்குத் தராசு போதும்.

என் மாணவர்கள் மழையில் நனைந்த கொழுந்தை நிறுத்து, துணியில் பரப்பி, மேலீரம் உலர்ந்ததும் மறுபடி நிறுத்துப் பார்த்தார்கள். வெறும் சாக்கையும் நனைத்தும் நனைக்காமலும் நிறுத்தார்கள். அதற்குள் ஒரு மாணவி, தன் தாய் கொப்பியில் நாள்தோறும் குறித்துவைத்திருந்த நிறைகளைக் கொண்டுவந்தாள். மழை நாள், வெயில் நாள் என்ற வேறுபாடில்லாமல் ஒரே அளவுதான் கழிக்கப்பட்டிருந்தது.