பிரசவம் பார்க்க மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது: மகப்பேறு செவிலியர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒடுகத்தூர் பக்கம் ஒரு கிராமத்தில் முகாம். பயிற்சியில் இருந்த ஒரு பெண்ணைக் கர்ப்பிணிகளைப் பார்க்க உட்கார வைத்திருந்தேன். நன்றாகத்தான் செய்தாள். ஏழு மாசக் கர்ப்பிணி ஒருத்திக்கு எடை, பிபி, வயிற்று அளவு, குழந்தையின் துடிப்பு எல்லாம் பார்த்து, அட்டையில் எழுதி, மாத்திரை கொடுத்து, "அடுத்தவங்க வாங்க" என்றாள். கூட வந்திருந்த அம்மாவுக்கு ஐம்பது வயசு இருக்கும். மகள் எழுந்த பிறகும் அவர் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றார், அப்புறம் போய்விட்டார். சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சிஸ்டர், எனக்கு நின்னு மூணு வருஷம் ஆகுது. ரெண்டு மாசமா திரும்ப லேசா படுது. சூட்டு உடம்பு, அதனாலதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

எங்கள் ஊர் வெயிலுக்கு எந்த உபாதை வந்தாலும் சூடு என்று சொல்லி விட்டுவிடுகிற பழக்கம் உண்டு. ஆனால் மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அது தள்ளிப்போடாமல் பரிசோதிக்க வேண்டிய விஷயம், கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகக்கூட இருக்கலாம். அந்த வாரமே அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தோம்.

அந்தப் பயிற்சிப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் என்ன சொல்லிக்கொடுத்தோமோ அதை அப்படியே செய்தாள். கர்ப்பிணியைப் பார் என்றோம், பார்த்தாள். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார் என்று யாருமே அவளுக்குச் சொல்லவில்லை. வேலூர் சுற்றுவட்டாரத்தில் இருபது வருஷத்துக்கு மேல் இந்தப் பயிற்சியோடு இருந்துவிட்டு, திரும்பத் திரும்ப ஒரே இடங்களில் நாம் தவறுவதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். நர்சிங் ஆசிரியர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருப்பவர்கள், இப்போதுதான் படிப்பை முடித்த தங்கைகள், எல்லோருக்கும் சேர்த்துத்தான்.

பாடத்தைப் பிரசவத்தோடு முடித்துவிடுவது

இப்போது நம் பெண்கள் பெரும்பாலும் இரண்டு குழந்தைகளோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கர்ப்பம், பேறுகாலம் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஒரு பெண்ணின் ஆயுளில் இரண்டு வருஷம் வருமா? வயசுக்கு வந்ததிலிருந்து ஆயாவாகும் வரை மிச்சமுள்ள காலத்துக்கு அவளை யார் பார்ப்பது? 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில்தான் நடக்கின்றன. அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. அதாவது பிரசவத்துக்கு வந்து சேர வைத்துவிட்டோம், ஆனால் அந்தப் பெண் வீட்டுக்குத் திரும்பிப் போகிற உடம்பை நாம் கவனிக்கவில்லை.

வெள்ளைப்படுதல், அடி இறங்குதல் (கருப்பை கீழே இறங்குவது), இருமினால் சிறுநீர் கசிவது, சர்க்கரை, பிபி, தூக்கம் வராமை, மார்பில் கட்டி, வீட்டில் அடி. ஒரு பெண் முதலில் நாடிப் போகிற ஆள் நர்ஸம்மாதான், டாக்டர் இல்லை. அதனால் இதெல்லாம் கடைசி வாரத்தில் இரண்டு வகுப்பில் ஓட்டிவிடுகிற பாடம் இல்லை. கருப்பை வாய்ப் பரிசோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2007-ல் தஞ்சாவூரிலும் தேனியிலும் முன்னோட்டமாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க வந்த திட்டம் அது, 30 வயசு தாண்டியவர்களுக்கு. அசெட்டிக் அமிலம் தடவி முழுசாக ஒரு நிமிஷம் காத்திருந்துதான் பார்க்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறது என்று இருபது விநாடியில் பார்த்து "நார்மல்" என்று எழுதுகிற கையை நான் பார்த்திருக்கிறேன். இது படம் போட்டுக் காட்டினால் வராது, பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்க்க வைத்தால்தான் வரும்.

எல்லாவற்றையும் வார்டிலேயே கற்றுக்கொடுப்பது

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் நல்ல வெளிச்சம் இருக்கும், கையுறை தீராது, பக்கத்து அறையில் டாக்டர் இருப்பார். அங்கே மூன்று வருஷம் பழகிய பெண்ணைக் கொண்டுபோய் ஒற்றை அறைத் துணை சுகாதார நிலையத்தில் விட்டால் அவள் தடுமாறத்தான் செய்வாள். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையத்துக்கான கணக்கு. ஆனால் ஜவ்வாது மலையில், பீஞ்சமந்தை மாதிரி இடங்களில், அந்த மூவாயிரம் பேரும் எத்தனை சிற்றூர்களில் சிதறி இருக்கிறார்கள் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். பிரசவ வலி எடுத்த பிறகு வண்டி கூப்பிடலாம் என்கிற பேச்சே அங்கே கிடையாது. தேதி நெருங்கும்போதே கீழே கொண்டுவந்து தங்க வைக்க வேண்டும், அதற்கு அந்தப் பெண்ணின் மாமியாரிடம் ஒரு மாசம் முன்னாலிருந்தே பேச ஆரம்பிக்க வேண்டும்.

சமவெளியிலும் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு மாதிரி. குடியாத்தத்தில் தறி நிற்காது. பேர்ணாம்பட்டுப் பக்கம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறவர்கள், கணக்கு குறைந்தால் கூலி குறையும் என்று எழுந்திருக்கவே மாட்டார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்கள் ஷிப்டு முடிந்து வரும்போது நம்முடைய நிலையம் பூட்டியிருக்கும். இவர்களையெல்லாம் "ஏன் செக்கப்புக்கு வரலை" என்று திட்டுவதற்குத்தான் நாம் மாணவிகளைப் பழக்கி வைத்திருக்கிறோம். அவர்கள் இருக்கும் நேரத்துக்கு நாம் போவது எப்படி என்பதுதான் பாடமாக இருக்க வேண்டும்.

இது வெளியிலிருந்து வந்த புது யோசனை ஒன்றும் இல்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-ல் இங்கே செவிலியர் பள்ளி தொடங்கினார். மாட்டு வண்டியிலும் பிறகு காரிலும் போய் சாலையோரத்தில் மரத்தடியிலேயே நோயாளிகளைப் பார்த்தவர் அவர். நர்சிங் பட்டப்படிப்பு நாட்டிலேயே முதன்முதலாகத் தொடங்கிய இடங்களில் வேலூரும் ஒன்று, 1946-ல். கே.வி.குப்பத்தில் 1977-லிருந்து சி.எம்.சி.யின் கிராம சுகாதார மையமான ரூசா இருக்கிறது, கணியம்பாடி ஒன்றியம் முழுக்கச் சமுதாய நலப் பணி நடந்திருக்கிறது. பெண்ணின் வாசலுக்குப் போய்ப் பார்க்கும் வழக்கம் இந்த மண்ணில் நூறு வருஷமாக இருக்கும்போது, நம் மாணவிகள் கிராமத்துக்கு வேனில் போய் சர்வே படிவம் நிரப்பிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பி வருவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரே குடும்பத்தை ஆறு மாசம் தொடர்ந்து பார்க்க விடுங்கள். கர்ப்பத்தில் ஆரம்பித்து, பிரசவம், தாய் வீடு, திரும்பிக் கணவன் வீடு வரைக்கும்.

சரியாக அளக்காமல் அழகாக எழுதுவது

ஒரு முறை ஒரு ரெஜிஸ்டரைப் புரட்டினேன். இருபது பேருக்கு வரிசையாக 110/70. யாரோ உட்கார்ந்த இடத்திலேயே எழுதியது.

பிபி பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த வேலை என்று நினைக்கிறோம், அங்கேதான் பெரிய ஓட்டை. கிலோமீட்டர் கணக்கில் வெயிலில் நடந்து வந்தவளை உட்கார்ந்த உடனே பார்க்கக் கூடாது, ஐந்து நிமிஷம் விட வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், கால் தரையில் இருக்க வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். நம் பெண்கள் போடுவது இறுக்கமான ஜாக்கெட் கை. அதன் மேலேயே கஃப், அதாவது பிபி கருவியின் பட்டையை, சுற்றுகிறார்கள், இல்லையென்றால் கையை மேலே சுருட்டிவிடுகிறார்கள், அது தனியாக ஒரு கயிறு கட்டினது மாதிரி இறுக்கும். இரண்டுமே தப்பு. திரை மறைவில் உட்கார வைத்து ஒரு பக்கக் கையைக் கழற்றச் சொல்ல வேண்டும், அதற்கு முதலில் திரை இருக்க வேண்டும். பருமனான கைக்குச் சின்ன கஃப் சுற்றினால் இல்லாத பிபி இருப்பதாகக் காட்டும். 140/90 வந்தால் பயமுறுத்தாமல், சிறிது நேரம் கழித்து இன்னொரு தரம் பாருங்கள். கூடவே சிறுநீரில் புரதம் இருக்கிறதா, தலைவலி உண்டா, கண் மங்குகிறதா, மேல்வயிறு வலிக்கிறதா என்று கேளுங்கள்.

ஹீமோகுளோபினும் அப்படித்தான். விரலைப் பிழிந்து பிழிந்து எடுத்த ரத்தத்தில் நீர் கலந்துவிடும், அளவு குறைத்துக் காட்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, தானாக ஊறி வருகிற அடுத்த சொட்டை எடுக்க வேண்டும். சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும், 140 அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. பஸ் போய்விடும் என்கிறாள் என்பதற்காக ஒரு மணி நேரத்தில் எடுத்து எழுதாதீர்கள்.

"ம்ம்" என்ற பதிலை நம்பிவிடுவது

"மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டால் உலகத்தில் எந்தப் பெண்ணும் இல்லை என்று சொல்ல மாட்டாள். "ம்ம்" என்பாள். நாமும் டிக் போடுவோம். அடுத்த மாசம் ஹீமோகுளோபின் ஏறியிருக்காது, ஆஸ்பத்திரி மாத்திரை சரியில்லை என்ற பேச்சு வரும்.

கேள்வியை மாற்றிக் கேட்கப் பழக்குங்கள். "மாத்திரை போட்டா வயிறு என்ன பண்ணுது?" என்று கேட்டால் கதையே வெளியே வரும்: குமட்டுது, மலம் கறுப்பாகப் போகுது, கறுப்பைப் பார்த்துக் குழந்தையும் கறுப்பாயிடும்னு மாமியார் நிறுத்தச் சொன்னாங்க. அப்போதுதான் நமக்குப் பேச இடம் கிடைக்கும். கறுப்பாகப் போவது இரும்புச் சத்தால்தான், பயமில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் எலுமிச்சைத் தண்ணீரோடு போடலாம். டீயோடு போடாதே, கால்சியம் மாத்திரையோடும் சேர்த்துப் போடாதே, அதைக் காலையில் போட்டுக்கொள். நாலாம் மாசத்திலிருந்து 180 நாளைக்கு இரும்புச் சத்து மாத்திரை என்பது பாடப்புத்தகத்தில் இருக்கிறது, மாமியாரிடம் எப்படிப் பேசுவது என்பது இல்லை. அதை வகுப்பில் ஒருத்தியை மருமகளாகவும் ஒருத்தியை மாமியாராகவும் உட்கார வைத்து நடித்துப் பழகினால் வந்துவிடும்.

அப்புறம் மொழி. வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுப் பக்கம் உருது பேசும் வீடுகள், ஆந்திர எல்லையில் தெலுங்கு வீடுகள். "மாதவிடாய் ஒழுங்கின்மை" என்று அவர்களிடம் கேட்டால் என்ன புரியும்? தமிழ் வீட்டிலேயே "தூரம் சரியா வருதா" என்றால்தான் புரியும். எங்கே போகிறோமோ அந்த ஊர் வார்த்தையில் பத்துக் கேள்விகளாவது மாணவி கற்றுக்கொண்டு போக வேண்டும். அடி உதை பற்றிக் கேட்பதாக இருந்தால் அந்தப் பெண் தனியாக இருக்கும்போதுதான் கேட்க வேண்டும். கணவர் வாசலில் நிற்கும்போது கேட்டால், அன்றைக்கு ராத்திரி அவள்தான் அனுபவிப்பாள்.

முடிவெடுக்கப் பழக்காமல் விடுவது

இதுதான் என்னை ரொம்ப வருத்தும் தவறு, நானே செய்ததும்கூட. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சின்ன நிலையத்தில் இருந்தேன். எட்டு மாசக் கர்ப்பிணி, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கல், பிபி 160/110. வலிப்பு வராமல் தடுக்கும் மெக்னீசியம் சல்பேட் ஊசி அலமாரியில் இருந்தது. டாக்டர் எழுதாமல் ஊசியைத் தொடாதே என்றுதான் படிப்பு முழுக்க எனக்குச் சொல்லியிருந்தார்கள். சீட்டு எழுதி வண்டியில் ஏற்றி அனுப்பினேன். போகிற வழியில் வலிப்பு வந்துவிட்டது. தாயும் குழந்தையும் பிழைத்தார்கள், ஆனாலும் அந்த இரவை என்னால் மறக்க முடியவில்லை.

இன்றைக்கு நம் நாட்டு வழிகாட்டுதலே, பயிற்சி பெற்ற செவிலியர் முதல் டோஸைக் கொடுத்துவிட்டுத்தான் அனுப்ப வேண்டும் என்கிறது: இரண்டு புட்டத்திலும் 5 கிராம் வீதம், மொத்தம் 10 கிராம், தசைக்குள் ஆழமாக. குழந்தை பிறந்த ஒரு நிமிஷத்துக்குள், ரத்தப்போக்கைத் தடுக்க, ஆக்ஸிடோசின் 10 யூனிட் போடுவதும் அப்படித்தான், யாரையும் கேட்டுக்கொண்டு நிற்கிற வேலை இல்லை. 2018-ல் வந்த மிட்வைஃபரி (பேறுகாலச் செவிலியர்) வழிகாட்டுதல்கள் 18 மாதப் பயிற்சி என்று வைத்திருப்பதே, சிக்கல் இல்லாத பிரசவத்தைத் தன் பொறுப்பில் பார்க்கக்கூடியவளை உருவாக்கத்தான். அப்படியிருக்க, வகுப்பில் எதற்கெடுத்தாலும் "டாக்டரைக் கூப்பிடு" என்பதையே விடையாக வைத்தால் எப்படி? எதை நீயே பார்க்கலாம், எதை நாளைக்கு அனுப்பலாம், எதை இந்த நிமிஷமே 108-ல் ஏற்ற வேண்டும் என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லிக்கொடுங்கள். அனுப்பும்போது சீட்டு மட்டும் போதாது, சேரப்போகும் இடத்துக்குப் போன் பண்ணி, என்ன ஊசி, எத்தனை மணிக்குப் போட்டோம் என்று சொல்ல வேண்டும்.

லேபர் ரூமில் வயிற்றை அமுக்குவது, தலைப்பிரசவம் என்றாலே பிறப்புவழியில் வெட்டுப் போடுவது, வலியில் இருப்பவளைப் பார்த்துக் கத்துவது: இவற்றை மாணவிகள் புத்தகத்திலிருந்து கற்றுக்கொள்வதில்லை, மூத்தவர்களான நம்மைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். இதில் விளக்கம் சொல்ல எதுவுமில்லை. நிறுத்த வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு வீட்டுக்குப் போகும்போது குழந்தையை எடை போட்டுவிட்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். தாயின் தையல், ரத்தப்போக்கு, மார்பு, கால் வீக்கம், அவள் சாப்பிட்டாளா, காரணமில்லாமல் அழுகிறாளா என்றெல்லாம் 42 நாள் வரைக்கும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இப்போது பாதிக்குக் கொஞ்சம் குறைவான பிரசவங்கள் சிசேரியன், அந்தக் காயத்தைத் தாய் வீட்டில் யார் பார்ப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

சான்றிதழ் கொடுத்து மறந்துவிடுவது

ஒன்றரை வருஷம் பயிற்சி கொடுத்தவளைக் கொண்டுபோய்க் காய்ச்சல் வார்டில் போடுவது, அல்லது ஆளில்லாத நிலையத்தில் தனியாக விட்டுவிடுவது. மூன்று மாசத்தில் கை மறந்துவிடும், ஆறு மாசத்தில் நம்பிக்கை போய்விடும். பயிற்சி கொடுத்தவர் முதல் மாசத்திலேயே நேரில் போக வேண்டும். குற்றம் கண்டுபிடிக்க அல்ல, கூட உட்கார்ந்து பத்துப் பேரைச் சேர்ந்து பார்க்க. நான் போனால் முதலில் பார்ப்பது நான்கு விஷயம்: பெரிய கஃப் இருக்கிறதா, மெக்னீசியம் சல்பேட் காலாவதி ஆகாமல் இருக்கிறதா, ஆக்ஸிடோசின் ஃபிரிட்ஜில் இருக்கிறதா, மறைவுக்குத் திரை தொங்குகிறதா. அப்புறம் ரெஜிஸ்டரைக் கேட்பேன். ஒடுகத்தூர் முகாமுக்குப் பிறகு எங்கள் மாணவிகளின் நோட்டில் ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டிருக்கிறோம், "கூட வந்தவர்" என்று. அது காலியாக இருந்தால், அன்றைக்கு யார் யார் துணைக்கு வந்தார்கள் என்று அவளோடு உட்கார்ந்து ஒவ்வொருவராக ஞாபகப்படுத்தி எழுத வைப்பேன்.