நம்பிக்கை மட்டத்தை முடிவு பார்த்து மாற்றாதீர்கள்

சர்வே ரிப்போர்ட்டுகளைச் சரிபார்ப்பது என் வேலை. புதிதாகச் சேர்பவர்கள் கணக்கில் தவறுவதில்லை, அதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. சாம்பிளை வைத்து, உண்மை மதிப்பு இந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்று போடுவது நம்பிக்கை இடைவெளி. அந்த முறை நூற்றுக்கு எத்தனை தடவை உண்மை மதிப்பைப் பிடிக்கும் என்பது நம்பிக்கை மட்டம். ஆண்டுதோறும் சறுக்குவது இவை தொடர்பாகக் கீழே உள்ள இடங்களில்தான்.

99 சதவீத மட்டம் என்றால் துல்லியம் அதிகம் என்று நினைப்பது

தரவு அதேதான் என்றால், மட்டம் ஏற ஏற நம்பிக்கை இடைவெளி அகலமாகும். திட்டப்பிழையை (சாம்பிளுக்குச் சாம்பிள் முடிவு எவ்வளவு மாறக்கூடும் என்பதன் அளவு) பெருக்கும் எண் 90-க்கு 1.645, 95-க்கு 1.96, 99-க்கு 2.576. உறுதி கூடுகிறது, துல்லியம் குறைகிறது.

முடிவு பிடிக்காவிட்டால் மட்டத்தை இறக்குவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வரும். புதிய பாக்கெட் பிடித்திருக்கிறதா என்று ஒரு நிறுவனத்துக்காக 400 பேரிடம் கேட்டார்கள். 218 பேர் ஆம் என்றார்கள், அதாவது 54.5 சதவீதம். திட்டப்பிழை சுமார் 2.5. 95 சதவீத மட்டத்தில் இடைவெளி 49.6 முதல் 59.4 வரை. 50 உள்ளேயே கிடக்கிறது, பெரும்பான்மை என்று அடித்துச் சொல்ல வழியில்லை.

ரிப்போர்ட் எழுதியவர் மட்டத்தை 90 ஆக்கினார். 50.4 முதல் 58.6. உடனே ‘பெரும்பாலோர் விரும்புகிறார்கள்’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு, 90 என்பது மட்டும் அடிக்குறிப்பில் பொடி எழுத்தில். அதை நம்பி அச்சுக்கு ஆர்டர் போனது. சரக்கு நகரவில்லை, பழைய பாக்கெட்டுக்கே திரும்பினார்கள்.

“90-ஐயும் எல்லோரும் போடுறதுதானே சார்?” என்று கேட்டார். போடலாம், தரவு கைக்கு வருமுன்பே முடிவு செய்திருந்தால். புள்ளியியலாளர் யெர்சி நெய்மன் 1930-களில் நம்பிக்கை மட்டத்துக்கு வகுத்த பொருளே அதுதான்: 95 சதவீத மட்டம் வைத்து இதே முறையில் திரும்பத் திரும்ப சாம்பிள் எடுத்தால், கிடைக்கும் இடைவெளிகளில் நூற்றுக்குச் சுமார் 95 உண்மை மதிப்பைப் பிடிக்கும். உத்தரவாதம் முறைக்கு, கையிலிருக்கும் ஒற்றை இடைவெளிக்கு அல்ல. 90-லும் 50 உள்ளே விழுந்திருந்தால் 80-க்கு இறங்கியிருப்பாரா? இறங்கியிருப்பார் என்றால், தாளில் 90 என்று எழுதினாலும் அந்த உத்தரவாதம் அங்கே இல்லை.

இடைவெளி குறுக வேண்டுமா, சாம்பிளைக் கூட்டுங்கள். அகலம் பாதியாக வேண்டுமென்றால் 400 பேர் 1,600 ஆக வேண்டும். செலவுதான், ஆனால் நேர்மையான வழி அது.

மட்டத்தைக் குறிப்பிடாமல் இடைவெளியை மட்டும் எழுதுவது

எழுதாதீர்கள்.

ஐந்தே ஐந்து அளவீடுகள் இருக்கும்போதும் 1.96 போடுவது

சாம்பிள் சிறிதாக இருந்தால் பார்க்க வேண்டிய டி-அட்டவணையில், 95 சதவீத மட்டத்தில் அதற்கு 2.776.

இரண்டு குழுக்களின் இடைவெளிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் வித்தியாசமே இல்லை என்பது

ஓரளவு அப்படி விழுந்தாலும் வித்தியாசம் இருக்கலாம். வித்தியாசத்துக்கென்றே தனி இடைவெளி கணக்கிட்டு, அதில் பூஜ்யம் விழுகிறதா என்று பாருங்கள்.